வலையமைப்பு ஆளிகளில் துறை முன்னுரிமை

ஓர் ஊருக்கு வழி ஒன்றாயின் அவ்வழி கெட்ட நாளில் ஊர் தனித்துவிடும். வழி இரண்டாயின் ஒன்று கெட்டவிடத்து மற்றொன்று உதவும். இது யாவரும் அறிந்ததே. ஆயினும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பிலே இவ்வுண்மை ஓரளவிற்கே பொருந்தும். அங்கே இரண்டு வழிகளும் ஒரே காலத்தில் திறந்திருக்குமாயின், உதவி செய்தற்குப் பதிலாக அவை வலையமைப்பு முழுவதையும் செயலிழக்கச் செய்துவிடும். ஆதலின், ஒரு வழியைத் திறந்து மற்றதை மூடிவைத்தலும், திறந்த வழி கெட்டவுடன் மூடிய வழியைத் திறத்தலும் வேண்டப்படும். இக்காரியத்தை மனிதர் இரவும் பகலும் காவலிருந்து செய்யவேண்டியதில்லை. ஆளிகள் தாமே செய்துகொள்ளும். ஆனால், இரண்டு வழிகளும் எல்லா வகையாலும் சமமாயிருப்பின் எதனைத் திறப்பது, எதனை மூடுவது? இவ்வினாவிற்கு விடையாக அமைவதே துறை முன்னுரிமை எனப்படும் எண். அவ்வெண் யாது, அதனை எங்கே எழுதல் வேண்டும், எங்கே எழுதினாற் பயன்படாது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆளியின் தொழில்

வீட்டிலே விளக்கை ஏற்றவும் அணைக்கவும் பயன்படும் ஆளி வேறு. வலையமைப்பு ஆளி வேறு. பின்னது பல துறைகளை உடைய ஒரு பெட்டி. ஒவ்வொரு துறையிலும் ஒரு வடம் செருகப்படும். அவ்வடத்தின் மறுமுனையிலே ஒரு கணினியோ, ஓர் அச்சுப்பொறியோ, இன்னோர் ஆளியோ இருக்கும். ஈதர்நெற் என்னும் முறையிலே செய்தியானது சிறுசிறு கட்டுகளாகப் பிரித்து அனுப்பப்படும். இக்கட்டுகளைச் சட்டகங்கள் என்பர். தபாலுறையிலே பெறுவோர் முகவரியும் அனுப்புவோர் முகவரியும் எழுதப்படுதல் போல ஒவ்வொரு சட்டகத்தின் முகப்பிலும் அவ்விரு முகவரிகளும் உள்ளன.

ஒரு துறையால் உள்ளே வந்த சட்டகத்தின் அனுப்புவோர் முகவரியை ஆளி குறித்துக்கொள்ளும். அம்முகவரிக்குரிய கணினி அத்துறையின் பக்கத்தில் உள்ளது என்பதை இவ்வாறு கற்றுக்கொள்ளும். பெறுவோர் முகவரி முன்னரே கற்றதாயின், அதற்குரிய துறையால் மாத்திரம் சட்டகத்தை வெளிவிடும். கல்லாததாயின், அல்லது யாவர்க்கும் உரிய பொது அறிவித்தலாயின், வந்த துறை தவிர்ந்த ஏனைய துறைகள் எல்லாவற்றாலும் அதன் பிரதிகளை அனுப்பும். எவர்க்கும் செய்தி தவறிப்போதல் கூடாது என்னும் நன்னோக்குடன் அமைந்த இவ்வியல்பே, சுழலுள்ள வலையமைப்பிலே பெருந்தீமைக்கு ஏதுவாகின்றது.

சுழலால் விளையுந் தீங்கு

மூன்று ஆளிகளை முக்கோணமாக இணைத்திருக்கின்றோம் என்று கொள்வோம். முதலாம் ஆளிக்கு ஒரு பொது அறிவித்தல் வருகின்றது. அது ஏனைய இரண்டிற்கும் ஒவ்வொரு பிரதியை அனுப்புகின்றது. இரண்டாவது ஆளி தான் பெற்றதை மூன்றாவதற்கும், மூன்றாவது தான் பெற்றதை இரண்டாவதற்கும் அனுப்ப, இரு பிரதிகளும் எதிரெதிர்த் திசைகளிற் சுற்றி முதலாவதிடமே திரும்புகின்றன. அது அவற்றைப் புதியனவென்று எண்ணி மீண்டும் அனுப்புகின்றது. இச்சுழற்சிக்கு முடிவில்லை. இன்ரநெற் பொதியில் வாழ்நாள் எண் ஒன்று உண்டு. ஒரு வழிப்படுத்தியைக் கடக்குந்தோறும் அது ஒன்று குறையும். பூச்சியமானதும் பொதி கைவிடப்படும். ஈதர்நெற் சட்டகத்துக்கு அத்தகைய வாழ்நாள் எண் இல்லை. ஆகவே சுழலில் அகப்பட்ட சட்டகம் யாராவது வடத்தைக் கழற்றும்வரை அல்லது மின்சாரத்தை நிறுத்தும்வரை சுழன்றுகொண்டேயிருக்கும்.

செக்கனுக்கு நூறு கோடி பிற்றுக்களைக் கொண்டுசெல்லும் வடத்திலே, 64 பைற்று அளவான மிகச் சிறிய சட்டகங்கள் செக்கனுக்கு ஏறக்குறைய 14 இலட்சத்து 88 ஆயிரம் செல்ல முடியும். சுழலிலே புதிய புதிய அறிவித்தல்கள் சேரச்சேர அவ்விடம் முழுவதையும் அவையே அடைத்துக்கொள்ளும். உண்மையான செய்திக்கு இடமிராது. அன்றியும், ஒரே அனுப்புவோர் முகவரி இப்பொழுது ஒரு துறையாலும் மறுகணம் வேறொரு துறையாலும் வருவதால், ஆளி கற்றுவைத்த முகவரிப் பட்டியலும் குழம்பிப்போகும். இதனை அறிவித்தற் புயல் என்பர்.

அளாவு மரம்

இவ்விடர்க்குப் பரிகாரம் கண்டவர் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே டிஜிற்றல் எக்குயிப்மென்ற் கோப்பரேஷன் என்னும் கம்பனியிற் பணிபுரிந்த றேடியா பேள்மன் அம்மையார். 1985ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் முகப்பிலே, வழக்கமான சுருக்கவுரைக்குப் பதிலாகத் தமது முறையை விளக்கும் சிறு செய்யுள் ஒன்றையே அமைத்தார் என்பது இலக்கியப் பற்றுடையார்க்கு இன்பந்தரும் செய்தியாகும். அம்முறையை மின், இலத்திரனியற் பொறியியலாளர்க்குரிய ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனம் 1990இல் 802.1டி என்னும் நியமமாக ஏற்றுக்கொண்டது. அதனினும் விரைந்து செயற்படும் வகை 2001இல் வெளியாகி, 2004இல் அந்நியமத்தினுள்ளேயே சேர்க்கப்பட்டது.

கணிதத்திலே மரம் என்பது எல்லாப் புள்ளிகளும் தொடர்புற்றிருக்க, எவ்விடத்தும் சுழல் இல்லாத அமைப்பாகும். ஒரு வலையமைப்பின் எல்லா ஆளிகளையும் உள்ளடக்கி நிற்கும் மரத்தை அளாவு மரம் எனலாம்; ஸ்பானிங் ட்ரீ என்று தொழிலாளர் வழங்குவதும் இதனையே. மரமாக இணைந்த புள்ளிகளுக்கு, அவற்றின் தொகையிலும் ஒன்று குறைந்த இணைப்புகளே வேண்டும். நான்கு ஆளிகளை ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றோடும் பொருந்த இணைப்பின் ஆறு வடங்கள் வேண்டும். மரத்துக்கு மூன்றே போதும். எஞ்சிய மூன்றும் வடமாக இருந்தபடியே இருக்க, அவற்றின் ஒரு முனையிலுள்ள துறை மாத்திரம் தடுக்கப்படும். தடுக்கப்பட்ட துறை உறங்குவதில்லை. அயல் ஆளியின் அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். அவ்வறிவிப்பு நின்றாலோ, செயற்படும் வடம் அறுந்தாலோ அது எழுந்து கடமையை ஏற்கும்.

ஆளிகள் முடிவு செய்யும் முறை

ஆளிகளுக்கு மேலே தலைமைக் கணினி ஒன்றில்லை. ஒவ்வோர் ஆளியும் அயலார் கூறுவதைக் கேட்டுத் தானே முடிவு செய்கின்றது. வழக்கமாக 2 செக்கனுக்கு ஒருமுறை அறிவிப்புகள் பரிமாறப்படும். ஓர் அறிவிப்பிலே முக்கியமானவை நான்கு: வேர் ஆளி இன்னது; அவ்வேரை அடைய எனக்கு ஆகும் செலவு இவ்வளவு; நான் இன்னார்; இவ்வறிவிப்பு என்னுடைய இன்ன துறையாற் புறப்பட்டது.

முதலில் வேர் தெரிவுசெய்யப்படும். ஒவ்வோர் ஆளிக்கும் ஓர் அடையாளம் உண்டு. அதன் முற்பகுதி மனிதர் மாற்றக்கூடிய ஆளி முன்னுரிமை. அது இயல்பாக 32768 ஆக இருக்கும். 4096இன் மடங்குகளாக மாற்றப்படும். பிற்பகுதி தொழிற்சாலையிலே பதிக்கப்பட்ட முகவரி. சிறிய அடையாளம் உடையதே வேராகும். இங்கே ஒன்றை மனத்திலிருத்துதல் வேண்டும்: இம்முறையிலே எண் சிறிதாகச் சிறிதாக உரிமை பெரிதாகும். வகுப்பிலே முதலாம் பிள்ளை பத்தாம் பிள்ளைக்கு முற்படுவது போலவே இதுவும்.

வேர் அல்லாத ஒவ்வோர் ஆளியும், வேரை நோக்கிச் செல்லும் தன் துறை எது என்பதைத் தெரிதல் வேண்டும். அதனை வேர்த்துறை என்பர். இரண்டு துறைகளால் அறிவிப்பு வருமாயின் ஆளி பின்வரும் வினாக்களை இம்முறையே கேட்கும். எத்துறை வழியாக வேருக்கான செலவு குறைவு? செலவு சமமாயின், எந்த அயல் ஆளியின் அடையாளம் சிறிது? அதுவும் சமமாயின், அறிவிப்பை அனுப்பிய அயலாரின் எத்துறை அடையாளம் சிறிது? அதுவும் சமமாயின், அறிவிப்பைப் பெற்ற என் துறைகளுள் எதன் அடையாளம் சிறிது? ஒரு வினாவிலே முடிவு கிடைத்துவிட்டால் அடுத்த வினா எழுவதில்லை.

செலவு வேகத்தைப் பொறுத்தது. பழைய அட்டவணையின்படி செக்கனுக்கு 10 கோடி பிற்று வடத்திற்கு 19, நூறு கோடிக்கு 4, ஆயிரம் கோடிக்கு 2. பின்வந்த அட்டவணையில் இவை முறையே 200000, 20000, 2000 ஆகும்.

துறை அடையாளம்

மூன்றாம் நான்காம் வினாக்களில் வந்த துறை அடையாளமும் இரு பகுதிகளை உடையது. முற்பகுதி துறை முன்னுரிமை. பிற்பகுதி துறையின் எண். ஆதியிலே இரண்டிற்கும் எவ்வெட்டுப் பிற்றுக்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே முன்னுரிமை 0 முதல் 255 வரை எவ்வெண்ணாகவும் இருக்கக்கூடியதாயிற்று. ஆனால் ஓர் ஆளியில் 255 துறைகளுக்கு மேல் எண்ணிட முடியவில்லை. பெரிய ஆளிகள் தோன்றியபொழுது, 2001இல் முன்னுரிமைக்கு 4 பிற்றும் துறை எண்ணுக்கு 12 பிற்றும் என்று பங்கீடு மாற்றப்பட்டது. இதனாலேயே இன்று துறை முன்னுரிமை 0, 16, 32 என்றவாறு 16இன் மடங்குகளாக 240 வரை மாத்திரம் அமைகின்றது. இயல்பான பெறுமானம் 128. இடைப்பட்ட எண்ணைக் கொடுத்தால் ஆளி அதனை ஏற்க மறுக்கும். சில கம்பனிகளின் ஆளிகளில் 0 முதல் 15 வரையான பெருக்கெண்ணே கேட்கப்படும். அங்கே 8 என்பது 128ஐக் குறிக்கும்.

ஆளியின் திரையிலே இவ்வடையாளம் 128.23 என்றவாறு தோன்றும். முன்னது முன்னுரிமை, பின்னது துறை எண். ஒப்பிடும்பொழுது இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணாகவே கொள்ளப்படும். 128.23 என்பது 32791, 128.24 என்பது 32792, 64.24 என்பதோ 16408. முன்னுரிமை குறைந்தவிடத்துத் துறை எண் எவ்வளவு பெரிதாயினும் அத்துறையே முற்படும்.

எண்ணை எழுதவேண்டிய இடம்

ஒரு கலாசாலையின் தலைமைக் கட்டடத்திலே வேர் ஆளியும், நூல்நிலையத்திலே மற்றோர் ஆளியும் உள்ளன என்று கொள்வோம். இடையிலே நூறு கோடி பிற்று வேகமுடைய இரு வடங்கள் செல்கின்றன. வேர் ஆளியின் 23ஆம் துறையிலிருந்து நூல்நிலைய ஆளியின் 1ஆம் துறைக்குச் செல்வது செப்பு வடம். 24ஆம் துறையிலிருந்து 2ஆம் துறைக்குச் செல்வது ஒளியிழை. கட்டடங்களுக்கிடையே செல்லும் செப்பு வடத்திலே இடிமின்னலால் மின்னெழுச்சி புகுந்து இருமுனையிலுமுள்ள கருவிகளைக் கெடுத்தல் கூடும். ஒளியிழை மின்னைக் கடத்தாது. ஆதலின் ஒளியிழையே நாளும் தொழில் செய்யவேண்டும், செப்பு வடம் உதவிக்கு நிற்கவேண்டும் என்பது பொறுப்பாளரின் விருப்பம்.

ஆளி என்ன செய்யும்? செலவு இரண்டிலும் 4, சமம். அயலார் ஒருவரே, சமம். அயலாரின் துறைகள் 128.23, 128.24. முன்னது சிறிது. எனவே நூல்நிலைய ஆளி தன் 1ஆம் துறையை வேர்த்துறையாக்கி 2ஆம் துறையைத் தடுக்கும். செப்பு வடமே தொழில் செய்யும். காரணம் யாதெனின், வடத்தைச் செருகியவர் அன்று எத்துறையை முதலிற் கண்டாரோ அதுவே, வேறொன்றில்லை.

இதனை மாற்றவிரும்பும் பொறுப்பாளர் நூல்நிலைய ஆளியினிடம் சென்று, தடுக்கப்பட்டிருப்பது இங்குள்ள 2ஆம் துறையன்றோ என்று கருதி, அதன் முன்னுரிமையை 64 ஆக்குகின்றார். யாதொரு மாற்றமும் நிகழவில்லை. பலரும் தடுமாறும் இடம் இதுவே. நூல்நிலைய ஆளி மூன்றாம் வினாவிலே நோக்குவது தன் துறையின் அடையாளத்தையன்று; அறிவிப்பை அனுப்பிய வேர் ஆளியின் துறை அடையாளத்தையே. தன் துறை நான்காம் வினாவிற்குரியது. மூன்றாவதிலேயே முடிவு கிடைத்தபின் நான்காவது எழுமோ? ஆகவே, வேர் ஆளியின் 24ஆம் துறையிலேயே 64 என எழுதல் வேண்டும். அப்பொழுது நூல்நிலைய ஆளி 128.23, 64.24 என்னும் இரண்டையும் கேட்டு, பின்னதே சிறிது என்று கண்டு ஒளியிழையைத் தெரிந்துகொள்ளும்.

சுருங்கக் கூறின், துறை முன்னுரிமை என்பது ஓர் ஆளி தன் துறையைப்பற்றித் தனக்குக் கீழுள்ள அயலாருக்குக் கூறும் சிபார்சு. தெரிவு கீழே நிகழும். சிபார்சு மேலிருந்து வரும். வேருக்கு அண்மையிலுள்ள பக்கத்தில் எழுதுக என்பதே விதி.

தன் துறையின் எண் பயன்படும் சந்தர்ப்பங்களும் உள. ஓர் ஆளியின் இரு துறைகள், இடையிலுள்ள ஒரு பொது இணைப்புப் பெட்டி வழியாக, அயலாரின் ஒரே துறையிலிருந்து அறிவிப்பைப் பெறுமாயின் முதல் மூன்று வினாக்களும் சமமாகிவிடும்; அப்பொழுது நான்காவதே தீர்ப்பாகும். ஆனால் இத்தகைய அமைப்பு அரிது.

செலவும் முன்னுரிமையும்

அதே விளைவைச் செலவை மாற்றியும் பெறலாம். செலவு, அறிவிப்பைப் பெறும் துறையிலே கூட்டப்படுவதால், அதனை நூல்நிலைய ஆளியிலேயே எழுதலாம். 2ஆம் துறையின் செலவை 4இலிருந்து 3 ஆக்கின், முதல் வினாவிலேயே ஒளியிழை வென்றுவிடும். இவ்விரண்டிற்கும் வேற்றுமை யாது? செலவு மேலும் பரவும். நூல்நிலைய ஆளிக்கு அப்பாலுள்ள ஆளிகளும் அம்மாற்றத்தைக் கேட்டுத் தத்தம் வழிகளை மாற்றிக்கொள்ளக்கூடும். துறை முன்னுரிமையோ இரு அயலாருக்கிடையே நின்றுவிடும். அப்பால் எவரையும் தொடாது. ஆனால் அதன் ஆற்றலும் அவ்வளவினதே. இரு வழிகளும் வெவ்வேறு அயல் ஆளிகள் வழியாகச் செல்லுமாயின் இரண்டாம் வினாவிலேயே முடிவாகிவிடும். அங்கே துறை முன்னுரிமையை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

இரு வழிகளுக்கும் தொழில் கொடுத்தல்

நல்ல வடம் ஒன்று வாளாவிருப்பது வீண் செலவன்றோ என்று சிலர் வினாவுதல் கூடும். ஒரே ஆளியைப் பல கற்பனை வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை உண்டு. அவற்றை வீலான் என்பர். சிஸ்கோ முதலிய கம்பனிகளின் ஆளிகள் ஒவ்வொரு வீலானுக்கும் தனி மரம் வளர்க்க வல்லவை. மாணாக்கருக்கு வீலான் 10, அலுவலகத்துக்கு வீலான் 20 என்று கொள்வோம். வேர் ஆளியின் 24ஆம் துறையிலே ‘ஸ்பானிங்-ட்ரீ வீலான் 20 போர்ட்-பிரயோரிற்றி 64’ என்னும் கட்டளையை மாத்திரம் கொடுத்தால், வீலான் 10 வழக்கப்படி 23ஆம் துறையாலும், வீலான் 20 24ஆம் துறையாலும் செல்லும். இரு வடங்களும் தொழில் செய்யும். ஒன்று கெட்டால் மற்றது இரண்டின் பாரத்தையும் சுமக்கும். வீலான்கள் மிகப் பலவாயின் அவற்றைச் சில தொகுதிகளாக்கித் தொகுதிக்கொரு மரம் வளர்க்கும் 802.1எஸ் நியமம் 2002இல் வந்தது. அங்கே துறை முன்னுரிமையும் தொகுதிதோறும் எழுதப்படும்.

இரு வடங்களும் ஒரே வகையின, ஒரே வேகத்தன ஆயின், அவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே இணைப்பாக வழங்கும் முறையே பெரும்பாலும் சிறந்தது. அதற்குரிய நியமம் 2000இல் ஏற்பட்டது. ஆளிகள் அதற்கு இடந்தராதவிடத்தும், ஒன்றை மற்றொன்றினும் விரும்பத் தக்க காரணம் உள்ளவிடத்தும் துறை முன்னுரிமை உதவும்.

செய்வோர் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, வேர் எது என்பதை நாமே தீர்மானித்து, அதன் ஆளி முன்னுரிமையைக் குறைத்துவைத்தல் வேண்டும். வேர் தற்செயலாக அமைந்த வலையமைப்பிலே துறை முன்னுரிமையை எழுதுதல் அத்திவாரமின்றிக் கூரை வேய்தலை ஒக்கும். வேர் மாறினால் மேலும் கீழும் மாறிவிடும். இரண்டாவதாக, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ’ என்னும் கட்டளையால் எத்துறை வேர்த்துறை, எது தடுக்கப்பட்டது என்பதைக் கீழுள்ள ஆளியிலே பார்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மூன்றாவதாக, பழைய முறையிலே புதிதாகத் திறக்கும் துறை, கேட்டற்கு 15 செக்கனும் கற்றற்கு 15 செக்கனுமாக 30 செக்கன் காத்திருக்கும். அதுவரை நூல்நிலையத்துக்குத் தொடர்பிராது. ஆகவே வேலையற்ற வேளையிலே மாற்றுக. நான்காவதாக, மாற்றியபின் திறந்த வடத்தை வேண்டுமென்றே கழற்றி, மற்றது எழுகின்றதா என்று சோதிக்க. சோதியாத உதவிவழி உதவிவழியன்று.

இவற்றை அற்பக் காரியம் என்று தள்ளுவார்க்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டலாம். 2002ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் வைத்தியசாலையின் வலையமைப்பு ஏறக்குறைய நான்கு நாள் செயலற்றுக் கிடந்தது. காலத்துக்குக் காலம் ஆளிகள் சேர்க்கப்பட்டு வளர்ந்த அவ்வலையமைப்பு, அளாவு மர முறைக்கு விதிக்கப்பட்ட ஏழு ஆளி என்னும் தூர வரம்பைக் கடந்திருந்தது. பாரம் மிகுந்தவிடத்து மரம் குலைந்து சுழல் உண்டாயிற்று. வைத்தியரும் தாதியரும் கணினியைக் கைவிட்டு, காகிதத்தில் எழுதிக் கையாற் கொண்டுசென்றே நோயாளரைப் பராமரித்தனர். அங்கே குறைந்தது கருவியன்று. வளர்ந்துவந்த அமைப்பை முழுமையாக நோக்கி, இன்னது இவ்வாறிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கவனமே.

துறை முன்னுரிமை அக்கவனத்தின் மிகச் சிறிய கூறு. செலவும் அயலாரும் சமமாய்விட்டபின் கேட்கப்படும் எண் அது. நாம் தீர்மானியாது விட்டாலும் ஆளி தீர்மானிக்கும். ஆனால் அது மின்னலையும் அறியாது, நூல்நிலையத்தில் இருந்து படிக்கும் பிள்ளையையும் அறியாது. எண் சிறிதா பெரிதா என்பதை மாத்திரமே அறியும். அறிந்தவர் நாமே. ஆதலின் இத்துறையிற் புகும் மாணாக்கர் தம் வலையமைப்பின் படத்தை ஒரு தாளில் வரைந்து, வேரை மேலே குறித்து, சமமான வழிகள் உள்ள இடங்களிலெல்லாம் எது தொழிலுக்கு, எது உதவிக்கு என்பதைக் காரணத்தோடு எழுதிவைப்பாராக. எண்ணை அதன்பின் மேற்பக்கத்து ஆளியிலே எழுதுதல் ஒரு நிமிட வேலையே.